வெட்டுப்பட்ட கைக்குப் பதில் அசுரக் கை வேண்டுமாம்

லார்ப் ஆட்டத்தில் கையை இழந்தவருக்கு, பழையதைவிட வலிமையான கையைப் பொருத்தி அனுப்பும் வழக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை. சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும், எழுதிவிடுகிறேன்.

லார்ப் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கற்பனை உலகத்து மாந்தராக உடையணிந்து, கூடாரமடித்து, நாள்கணக்கில் அந்த மாந்தராகவே வாழும் ஆட்டம் அது. வாள்கள் நுரையாலும் லேடெக்ஸாலும் ஆனவை. ஜெர்மனியின் ப்ரோகெலோ என்ற சிற்றூரில் 2004-இல் தொடங்கிய மித்தோடேயா விழாவுக்குக் கோடையில் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். இது போன்ற விழாக்களில் நான் வாளெடுப்பதில்லை. காயப்பட்டவர்களைக் கிடத்தும் லாசரெட் கூடாரத்தில் வைத்தியராக இருக்கிறேன்.

கை போனால் என்ன ஆகும் என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். அமெரிக்காவின் டாகோர்ஹிரில் கையில் அடிபட்டால் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும்; காலில் பட்டால் மண்டியிட வேண்டும். அடுத்த மோதலில் எல்லாம் முளைத்துவிடும். இங்கிலாந்தின் எம்பயர் ஆட்டத்தில் ‘க்ளீவ்’ என்று கத்திக்கொண்டு அடித்தால் அந்த உறுப்பு பாழ். மூலிகை வைத்தியம் தெரிந்தவர் பிளேட்ரூட் என்ற மூலிகையை இட்டால் மீண்டுவிடும். ஜெர்மனியில் பலர் ஆடும் முறையில் இப்படிப்பட்ட கணக்கே கிடையாது. எதை நம்பும்படி நடித்துக் காட்ட முடிகிறதோ அதைச் செய்யலாம், அவ்வளவுதான் விதி. அடி எவ்வளவு ஆழம் என்பதை அடித்தவர் முடிவு செய்ய முடியாது. வாங்கியவர்தான் முடிவு செய்வார்.

அதனால்தான் லாசரெட் எனக்குப் பிடிக்கிறது. கை போனதாக முடிவு செய்தவர், உண்மையான கையை மடக்கி உடம்போடு கட்டி, அங்கிக்குள் ஒளித்துக்கொண்டு வருவார். கொஞ்ச நேரத்தில் அது மரத்துப்போகும், இடையிடையே அவிழ்த்துத் தேய்த்துவிட வேண்டும். சிலிகோன் தோலை ஒட்டி, செயற்கை ரத்தம் ஊற்றி, அந்தத் தோலில் உண்மையான ஊசிநூலால் தைப்போம். பல்லுக்கிடையே தோல்வார். தலைமாட்டில் அழும் தோழன். வெளியே போர் முடிந்து ஒரு மணி நேரமாகியும் உள்ளே யாரும் ஆட்டத்தை விட்டு வெளியே வந்திருக்க மாட்டார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. புதுக் கை! லேடெக்ஸ் நகங்கள் வைத்த அசுரக் கை, மரப்பட்டைக் கை, பற்சக்கரம் வைத்த பித்தளைக் கை. உழைத்துச் செய்த வேலைப்பாடுகள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேசையிலிருந்து எழுந்ததும் கேட்கிறார்கள்: இதனால் கேடயத்தைப் பிளக்கலாமா, நெருப்பைப் பிடிக்கலாமா? புதுக் கை பழையதைவிட மேல் என்று ஆகிவிட்டால் வெட்டுப்படுவது லாபமாகிவிடும். சந்தைக்குப் போவது போலக் கையை வெட்டிக்கொள்ள வருவார்கள். அப்புறம் அந்தத் தோல்வார், அந்த அழுகை எல்லாம் எதற்கு?

இது கற்பனை உலகம், அங்கே நாகங்கள் பறக்கும்போது கை மட்டும் ஏன் பலவீனமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். கற்பனைக்கும் விலை வேண்டும் என்பதுதான் என் பதில். ஜெர்மானிய ஆட்டக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் கோட்ஸ் ஃபான் பெர்லிகிங்கனையே எடுத்துக்கொள்வோம். 1504-இல் லாண்ட்ஸ்ஹூட் முற்றுகையில் பீரங்கியால் வலக்கையை இழந்த வீரர். அவருடைய இரும்புக் கை இன்றும் யாக்ஸ்ட்ஹவுசன் கோட்டையில் இருக்கிறது. அதன் விரல்கள் மடங்கும், மடங்கிய இடத்தில் பூட்டி நிற்கும். ஆனால் மடக்குவதற்கு இன்னொரு கை வேண்டும். அந்தக் கையோடுதான் அவர் பல ஆண்டுகள் சண்டைக்குப் போனார். அந்தப் பூட்டை வைத்தே ஒரு நாள் முழுக்க நடிக்கலாமே! எதிரி பாயும்போது இடக்கையால் வலக்கை விரல்களை மடக்கும் பதற்றம், எந்த நெருப்புக் கையிலும் கிடைக்காது.

வன்னியில் மிதிவெடியில் காலை இழந்தவர் என் சித்தப்பா. அவரிடம் இந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல நீண்ட காலம் தயங்கினேன். சொன்னபோது அவர் கோபப்படவில்லை. பொய்க்கால் உரசிப் புண்ணாகுமே, அதையும் நடிப்பீர்களா என்றுதான் கேட்டார். பொருத்தும் குழிக்குள் வெயில் காலத்தில் வியர்வை தேங்குவது, தொடை கொஞ்சம் மெலிந்தாலும் கால் ஆடுவது, இல்லாத பாதம் இரவில் அரிப்பது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். எங்கள் ஆட்டத்தில் இவற்றில் ஒன்றைக்கூட யாரும் நடித்து நான் பார்த்ததில்லை.

உண்மையிலேயே கை இல்லாத ஆட்டக்காரர் ஒருவர் அசுரக் கை பூண்டு வந்து கேடயங்களைப் பிளந்தால், நான் வாய் திறக்க மாட்டேன். அவருக்கு வாழ்க்கை ஏற்கெனவே விலை வாங்கிவிட்டது. அதேபோல, டிக்கெட் வாங்கி நான்கு நாள் ஆட வந்தவரை மூன்று நாள் படுக்கையில் போடுவதும் அநியாயம். அவர் எழுந்து போகட்டும். எதையாவது சுமந்துகொண்டு போகட்டும் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்தவரின் கையை எடுத்துப் பொருத்தும்போது இது இன்னும் மோசமாகிறது. ஐரோப்பாவில் பழைய புனிதர் கதை ஒன்று உண்டு. கோஸ்மாஸ், டேமியன் என்ற மருத்துவ இரட்டையர், அழுகிய காலோடு தூங்கிய ஒருவருக்கு, இறந்துபோன எத்தியோப்பியர் ஒருவரின் காலை வெட்டிப் பொருத்துகிறார்கள். விழித்தவருக்கு ஒரு கால் வெள்ளை, ஒரு கால் கறுப்பு. ஃபிளாரன்ஸில் சான் மார்கோ மடத்துப் பலிபீடத்துக்காக ஃபிரா ஆஞ்சலிகோ இதை வரைந்திருக்கிறார்: சிவப்புத் திரைக்குள் கட்டில், குனிந்து நிற்கும் புனிதர்கள். கால் கொடுத்தவர் அந்தப் படத்தில் எங்கும் இல்லை. கறுப்புத் தோல்காரனான எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

எங்கள் கூடாரத்திலும் அதே கதை. ‘ஓர்க்’ என்ற கற்பனை அரக்க இனத்தவர் ஒருவரின் பிணத்திலிருந்து கையை எடுத்து மனிதருக்குத் தைக்கிறோம். அந்த ஓர்க்கின் கூட்டம் இருநூறு அடி தள்ளிக் கூடாரம் போட்டிருக்கிறது. யாரும் கையைத் திருப்பிக் கேட்பதில்லை, யாருடையது என்றும் கேட்பதில்லை. நிஜ உலகில் 1998-இல் பிரான்சின் லியோன் நகரில் இன்னொருவரின் கை பொருத்தப்பட்டவர், மூன்று ஆண்டுகளுக்குள் அதை எடுத்துவிடும்படி வேண்டினார். வேற்று உறுப்பை உடல் ஒதுக்காமல் தடுக்கும் மருந்தை அவர் நிறுத்தியதால் உடல் அதை ஏற்கவில்லை. மனத்துக்கும் அது தன் கையாகத் தோன்றவில்லை. ஆட்டத்துக்கு இதைவிட நல்ல கதைக்கரு வேறென்ன வேண்டும்?

ஆகவே இந்தக் கோடையில் என் மேசையில் புதுக் கை கேட்பவரிடம் முதலில் இரண்டு கேள்வி கேட்கப் போகிறேன். இந்தக் கை யாருடையது? அவருடைய ஆட்கள் வந்து கேட்டால் என்ன சொல்வாய்? பதில் இல்லாதவருக்கு வெறும் கட்டுதான். கட்டுத்துணி மூட்டை மூட்டையாக இருக்கிறது.