வயசு மேல பழி போடாதீங்க

2015 நவம்பர் 15, டென்வர் நகரில் கன்சாஸ் சிட்டி அணியோடு அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம். ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே டென்வர் அணியின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பேய்ட்டன் மேனிங், அதுவரை முதலிடத்தில் இருந்த பிரெட் ஃபாவ்ரைத் தாண்டி, அந்த ஆட்டத்தின் பெரிய லீக்கான என்.எஃப்.எல். வரலாற்றில் பந்தெறிந்து அதிக யார்டுகள் சேர்த்தவர் ஆகிறார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அப்புறம் நடந்ததைத்தான் பார்க்க முடியவில்லை. 20 தடவை எறிந்ததில் 5 மட்டுமே தன் ஆளிடம் போய்ச் சேர்ந்தன. மொத்தம் 35 யார்டு. நான்கு பந்துகளை எதிரணி பிடித்துக்கொண்டது. குவாட்டர்பேக்குக்குப் போடும் மதிப்பெண்ணில் அன்றைக்கு அவருக்குச் சுத்தமான பூஜ்யம். பாதி ஆட்டத்திலேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

இரண்டே வருடம் முன்பு, 2013 சீசனில், 55 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்து எடுக்கும் புள்ளி) எறிந்து சாதனை படைத்த அதே மனிதர்!

"39 வயசு, அவ்வளவுதான்" என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு இந்த விளக்கம் பிடிக்கவே இல்லை. இன்னொரு குவாட்டர்பேக் டாம் பிரேடி 44 வயதில், 2021 சீசனில், 5,316 யார்டு எறிந்து லீக்கிலேயே முதலிடத்தில் இருந்தாரே, அவருக்கு வயசு ஆகவில்லையா?

மேனிங்கின் கதை கழுத்தில் ஆரம்பிக்கிறது. அங்கே நரம்பு நசுங்கி, எறியும் கையின் பின்தசை வலுவிழந்தது. 2011-இல் பேஸ்பால் வீரரான நண்பர் டாட் ஹெல்டனிடம் யாரும் பார்க்காமல் எறிந்து பார்க்கிறார். பந்து பாதி தூரம்கூடப் போகாமல் தரையில் விழுகிறது. வேண்டுமென்றே விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தாராம் ஹெல்டன். எனக்கு அந்தச் சிரிப்புதான் மறக்கவே மாட்டேன் என்கிறது.

பல அறுவைச் சிகிச்சைகள், ஒரு முழு சீசன் வீட்டில். திரும்பி வந்தபோதும் விரல் நுனியில் உணர்ச்சி முழுசாக இல்லை, கையுறை போட்டுக்கொண்டு எறிந்தார். அந்தக் கையோடுதான் அந்த 55 டச்டவுனும். எப்படி? தலையால். தன் ஆள் திரும்புவதற்கு முன்பே பந்து கிளம்பியிருக்கும். ஆட்டம் கிளம்பும் கோட்டுக்குப் பின்னால் நின்று "ஒமாஹா! ஒமாஹா!" என்று தன் அணிக்குச் சங்கேதமாகக் கத்தி, எதிரணி நிற்கும் விதம் பார்த்து அந்த நொடியில் திட்டத்தையே மாற்றுவார்.

ஆனால் 2015-இல் இடது பாதமும் போனது. வலக்கை ஆட்டக்காரர் ஊன்றி எறிவது இடது காலில்தான். வேகம் இடுப்பு வழியாக ஏறி வர வேண்டும். அது நின்றபின், எங்கே எறிய வேண்டும் என்று சரியாகத் தெரிந்தும் பந்து ஒரு கணம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அந்த ஒரு கணத்தில்தான் இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி பந்தைப் பிடித்துக்கொள்வது. அந்த சீசனில் 9 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன்.

அதே சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் எதிரணியின் குவாட்டர்பேக்காக நின்ற கேம் நியூட்டனைப் பாருங்கள். 26 வயது, அந்த சீசனின் சிறந்த வீரர். பந்தோடு தானே ஓடி, ஆளை இடித்துக்கொண்டு போவார். தோளில் இரண்டு அறுவைச் சிகிச்சை, அப்புறம் பாதக் காயம். 30 வயதில் அணியே அனுப்பிவிட்டது. அங்கேயும் வயசுதான் காரணமா? வாங்கிய அடியின் கணக்கு அது.

"மேனிங் முன்னாடியே ஓய்வு பெற்றிருக்கலாம்" என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அந்த சூப்பர் பௌலை ஜெயித்துக் கொடுத்தது டென்வரின் டிஃபென்ஸ் (தடுப்பாட்டக்காரர்கள்), சரி. அவர் சேர்த்தது 141 யார்டுதான். கடைசியில் டச்டவுனுக்குப் பின் கிடைக்கும் கூடுதல் இரண்டு புள்ளிக்காக தன் அணியின் பென்னி ஃபவுலரிடம் ஒரு பந்து எறிந்தார், சின்ன தூரம், போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் அவர் என்.எஃப்.எல்.-இல் பந்தெறியவே இல்லை.