அந்த மதிப்பெண் என்னுடையதுதான்

வெள்ளிக்கிழமை எங்கள் கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் அங்கே திரையில் காட்டியதைப் பிடித்த போட்டோ இங்கேயே நாலு பக்கம் சுற்றிவிட்டது. ஆமாம், "பழைய பாணி ஆசிரியர்" என்று காட்டிய, மாணவர்கள் பின்னூட்டத்தில் போட்ட அந்தக் குறைந்த மதிப்பெண் என்னுடையதுதான். பெயரை மறைத்தார்கள், துறையை மறைக்கவில்லை. முதலாண்டுக்கு இயக்கவியல் எடுப்பது நான் ஒருத்திதான்.

மாணவரைக் கைதட்ட வைப்பது வேறு, யோசிக்க வைப்பது வேறு. எத்தனை தடவை வேண்டுமானாலும் இதைச் சொல்வேன்.

கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கம் அ, ஆ, இ, ஈ என்று எழுதி 64 பேருக்கும் கொடுத்திருக்கிறேன். பலகையில் கேள்வி. ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது. அட்டையைத் தூக்க வேண்டும். அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிவிட்டுத் திரும்பத் தூக்க வேண்டும். என் கண்டுபிடிப்பு இல்லை இது. ஹார்வர்டில் எரிக் மஸூர் 1991 முதல் இயற்பியலை இப்படி நடத்தியவர்.

ஒரு நாள் கேட்டேன்: மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும்போது அதன் முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம், என்ன? முக்கால்வாசிப் பேர் 'சுழி' என்று தூக்கினார்கள். கடைசி பெஞ்சில் ஒரு பெண். விடிகாலை 5.40 வண்டியைப் பிடித்து, இரண்டு பேருந்து மாறி வருபவள், முதல் மணி நேரம் கண் சொக்கும். அட்டையைப் பாதி தூக்கி, இறக்கி, மெல்லக் கேட்டாள்: "வேகமும் இல்ல, முடுக்கமும் இல்லன்னா பந்து அங்கயே நின்னுடணுமே மேடம்?" வகுப்பே திரும்பிப் பார்த்தது. அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பயிற்சியில் காட்டிய கஹூட் என்ற போன் வினாடி வினாப் போட்டியில் சீக்கிரம் அமுக்குகிறவருக்குப் புள்ளி கூடும். அந்தப் பெண்ணுக்கு அங்கே என்ன கிடைத்திருக்கும்? ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே அளந்து சொன்னார். மூன்று நொடி பொறுத்தாலே வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுவார்கள் என்பதும் அவர் கண்டதுதான்.

"மேடத்துக்குச் செயலி வராது, அதான் கோபம்" என்பீர்கள். இயற்பியலைத் திரையில் செய்து பார்க்கும் ஃபெட் (PhET) சிமுலேஷன்களை நான் வகுப்பில் ஓட்டுகிறேன். ஐஐடி ஆசிரியர்கள் நடத்தும் என்பிடெல் (NPTEL) இணையப் பாடங்களைப் பிள்ளைகளுக்கு அனுப்புகிறேன். கருவிமேல் எனக்கு என்ன பகை? கேள்வி நல்லதாக இருந்தால் அட்டையும் போதும், போனும் போதும். கேள்வியே இல்லாவிட்டால் எந்தப் பலகை வாங்கிப் போட்டும் பயனில்லை. மூன்று மணி நேரம் ஸ்லைடை வாசித்தாரே அந்தப் பயிற்சியாளர், எங்களிடம் ஒரு கேள்வியாவது கேட்டாரா?

"இப்படி நடத்தினால் சிலபஸ் முடியுமா?" முடிவதில்லைதான். ஐந்தாவது யூனிட்டைச் சனிக்கிழமை வரவைத்து முடிக்கிறேன். பேருந்துக் காசு அவர்களுக்குத்தான் செலவு, அது உறுத்துகிறது.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். ஹார்வர்டில் நடத்தி 2019-இல் வெளியான ஓர் ஆய்வு. தாங்களே யோசித்துப் படித்த மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் சொற்பொழிவு கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். யோசிப்பது கஷ்டம், கஷ்டப்பட்டால் புரியவில்லை என்று தோன்றிவிடுகிறது. பின்னூட்டப் படிவத்தில் இதைக் கேட்க ஒரு கட்டம்கூட இல்லை. பதினேழு வருடம் நின்று நடத்தியதை ஒற்றை எண்ணாக்கி, சக ஆசிரியர்கள் முன்னால் அத்தனை பெரிய திரையில் போட்டார்கள். பக்கத்தில் இருந்தவர் "விடுங்க மேடம்" என்றார். விட முடியவில்லை.

அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எனக்காகக் கேட்கவில்லை. என் பிள்ளைகளும் இந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள். குறைத்துப் போட்டவர் யாரென்று மேடம் தேடுகிறார் என்று அவர்கள் நினைத்துவிட்டால், நாளைக்கு யாரும் அட்டையைத் தூக்க மாட்டார்கள்.