வாடகையை மட்டும் பார்த்து வீடு எடுக்கலாமா?

கிளிநொச்சியில் இருந்து குடும்பத்தோடு ரொறன்ரோ போகும் தம்பி ஒருவர், மகனுக்கு 15 வயது, எந்தப் பக்கம் வீடு பார்ப்பது என்று கேட்டிருந்தார். "எங்கே இருந்தாலும் பிள்ளையை விரும்பின பாடசாலையில் சேர்க்கலாம், வாடகை குறைவான இடத்தைப் பாருங்கோ" என்று அதற்கு ஒருவர் பதில் போட்டிருந்தார். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் நடைமுறை அப்படியில்லை.

ரொறன்ரோ அரச பாடசாலைகளில் வீட்டு முகவரிதான் பாடசாலையைத் தீர்மானிக்கிறது. ஒரே தெருவின் இரண்டு பக்கமும் வேறு வேறு பாடசாலைக்குப் போகலாம். ஒரு பாடசாலைக்குரிய எல்லைக்கு வெளியே இருக்கிற பிள்ளையும் அங்கே விண்ணப்பிக்கலாம்தான், இடம் இருந்தால் மட்டுமே எடுப்பார்கள். நம்ம ஊரிலும் முதலாம் வகுப்பு அனுமதிக்குக் கரண்ட் பில்லும் வாக்காளர் பட்டியலுமாக அலைகிறோமே, அந்த மாதிரித்தான். அங்கேயும் முகவரிக்கு அத்தாட்சி கேட்பார்கள்.

நீங்களே பார்க்கலாம். ரொறன்ரோ மாவட்ட பாடசாலைச் சபையின் இணையத்தளத்தில் முகவரியை வைத்துப் பாடசாலை தேடும் பக்கம் இருக்கிறது. வீட்டு இலக்கமும் தெருப் பெயரும் போட்டால் போதும். போன மாதம் அக்காவுக்காகப் பரந்தனில் இருந்தபடியே போனில் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதி முகவரிகள் இரண்டைப் போட்டுப் பார்த்தேன், இரண்டுக்கும் வேறு வேறு உயர்நிலைப் பாடசாலை வந்தது. ரொறன்ரோவுக்கு வெளியே, பக்கத்து நகரமான மார்க்கம் பக்கம் என்றால் அது யோர்க் பிராந்தியச் சபை, அதன் தளத்தில் தேட வேண்டும்.

முற்பணம் கட்ட முதல் இதைப் பாருங்கோ தம்பி.