பார்த்துவிட்டுப் பேசுங்கள்

மட்டக்களப்பு கல்லடியில் நம் மாணவர்கள் வைத்த கலைக் கண்காட்சியின் படத்தை நேற்றிரவு முதல் ஆளுக்கு ஆள் கேலியாகப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். 'கல்லடியில் இரும்புக்கடை விரித்திருக்கிறார்கள்' என்று தலைப்பு வேறு. எழுதியவர் மண்டபத்துக்குள் காலே வைக்கவில்லை. வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனதை நான் கண்ணால் கண்டேன்.

உள்ளே இருந்தது ஒரு பழைய மீன்வலை. அதன் கண்களில் துருப்பிடித்த வீட்டுத் திறப்புகள். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய அட்டைத்துண்டு. அதில் பேனாவால் எழுதிய ஊர்ப்பெயர். நாவலடி, டச்பார், திருச்செந்தூர் என்று நம் கரையோர ஊர்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன வீடுகளின் திறப்புகள் அவை. வாசலில் நின்றால் இது தெரியுமா? பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

என் பெரியம்மா சந்தைக்குப் போகும் வழியில் என்னோடு வந்தவர். ஓவியம், கலை என்று எதுவும் படித்தவரல்லர். வலைக்குக் கிட்டப் போய் ஒரு திறப்பைத் தொட்டு, "மகள், இது கதவுத் திறப்பா, அலுமாரித் திறப்பா?" என்று கேட்டார். "கதவுத் திறப்பு அம்மா" என்றாள் அதைச் செய்த மாணவி. அதன்பிறகு இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டு நின்றார்கள். சந்தைக்கு அன்று போகவேயில்லை.

'எங்களுக்குப் புரியவில்லை' என்பீர்கள். நியாயம். விளக்கக் குறிப்புகள் பொடி எழுத்தில் இருந்தன. அதை நானும் மாணவர்களிடம் சொன்னேன். ஆனால் புரியாவிட்டால் பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் கேட்கலாமே! 'ஓவியம் என்றால் அழகாக இருக்க வேண்டும்' என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நாவலடியில் அன்று எது அழகாக இருந்தது?

கொழும்பில் 2019இல் நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் திறந்தார்கள். இரவு முழுக்க ரயிலில் போய் அங்கே படம் எடுத்துப் போட்டவர்களும் இன்று சிரிப்புக்குறி இட்டிருக்கிறீர்கள். கலை படிப்பிக்கும் அழகியற் கற்கைகள் நிறுவகத்தை வைத்துக்கொண்டிருக்கும் ஊர் இது. நம் பிள்ளைகள் நம் ஊரில் செய்தால் மட்டும் ஏன் இந்த இளக்காரம்? அதிதிகளும் விளக்கேற்றிப் படம் எடுத்துக்கொண்டு அரைமணியில் கிளம்பிவிட்டார்கள். யாருக்காகத்தான் இந்தப் பிள்ளைகள் செய்கிறார்கள்?

அந்த வலை அந்த மாணவியின் தகப்பனாருடையது. தோணியும் வலையுமாக அவளைப் படிப்பித்தவர். உங்கள் பதிவை யாரோ அவரிடமும் காட்டியிருக்கிறார்கள். 'இந்தப் படிப்பு போதும், வேறு வேலை பார்' என்று வீட்டில் சொல்லிவிட்டாராம். அவருக்கு இப்போது யார் போய்ப் பதில் சொல்வது? நீங்கள் போவீர்களா?