செருப்புக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு

கல்லூரியில் படிக்கும்போது சின்னதாக ஒரு கண்காட்சிக்குத் தன்னார்வலராகப் போயிருந்தேன். எனக்கு விழுந்த வேலை, சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு கண்ணாடிப் பெட்டிகளைத் துடைப்பது. முதல் நாள் முனகிக்கொண்டேதான் செய்தேன். அப்புறம் அதில் ஒரு சுவாரசியம் பிடிபட்டது. எந்தப் பெட்டியில், எந்த உயரத்தில் விரல் தடம் என்று பார்த்தாலே அன்றைக்கு யார் எதன் முன்னால் நின்றார்கள் என்று தெரிந்துவிடும்.

மூலையில் ஒரு தபால்காரரின் செருப்பு இருந்தது. குதிகால் பக்கம் அப்பளம் மாதிரி தேய்ந்து, வாரை இரண்டு இடத்தில் வேறு வேறு நிற நூலால் தைத்திருந்தது. முதல் நாள் அந்தக் கண்ணாடியில் ஒரு தடம்கூட இல்லை. குறிப்புச் சீட்டு ஒட்ட மறந்திருந்தோம். மறுநாள், 'இருபது வருடம் கடிதம் சுமந்த கால்களின் செருப்பு' என்று ஒரு சீட்டு ஏறியது. அன்று சாயங்காலம் துடைத்து மாளவில்லை. பாதித் தடங்கள் என் இடுப்பு உயரத்தில், குழந்தைகளுடையவை.

பொருளைப் பொதுவில் வைத்துவிட்டால் அது கண்காட்சி என்கிறோம். கடைக்காரரும்தான் வைக்கிறார். ஆனால் கடையில் இருக்கும் செருப்பு நாளைக்கு நடக்கும். கண்காட்சிக்கு வந்த செருப்பு இனி நடக்காது. அதற்கு நாம்தான் கண், சீட்டுதான் வாய். அந்த வாயை யார் கொடுத்தது என்று மட்டும் நாம் கேட்பதே இல்லை.

1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்கு ஐந்தரை மாதத்தில் சுமார் 60 லட்சம் வருகைகள். அங்கே தங்க முலாம் பூசிய கூண்டுக்குள் கோஹினூர் வைரம் இருந்தது. முண்டியடித்துப் போய்ப் பார்த்த ஜனம், 'இவ்வளவுதானா?' என்று உதட்டைப் பிதுக்கியது. போதுமான மினுக்கு இல்லையாம். கேஸ் விளக்கெல்லாம் வைத்துப் பார்த்தார்கள், எடுபடவில்லை. அடுத்த ஆண்டே கல்லைச் சீவினார்கள். கிட்டத்தட்ட 190 காரட் 105 ஆனது. பார்க்க வந்தவர்களின் ஏமாற்றம் ஒரு வைரத்தையே அறுத்திருக்கிறது! பஞ்சாபின் பத்து வயது அரசன் துலீப் சிங்கிடம் 1849-இல் கையெழுத்து வாங்கிப் பறித்த கல் அது. மினுக்கைப் பற்றிப் பேசிய கூட்டம் அந்தப் பையனைப் பற்றியும் பேசியதா என்பதுதான் என் கேள்வி.

இதைவிடக் கொடுமை 1906-இல் நியூயார்க் பிராங்க்ஸ் விலங்குக்காட்சிச் சாலையில் நடந்தது. காங்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓட்டா பெங்கா என்ற இளைஞரைக் குரங்குக் கூண்டில் வைத்தார்கள். அங்கேயும் பலகை உண்டு: வயது, உயரம், எடை, செப்டம்பர் மாதம் தினமும் பிற்பகல் காட்சி. எழுத்துப் பிழை இல்லாத, சுத்தமான அறிவிப்பு. எனக்கு அந்தச் சுத்தம்தான் குமட்டுகிறது.

1937-இல் நாஜிகள் மியூனிக்கில் 'சீரழிந்த கலை' என்று நவீன ஓவியங்களைக் கோணல்மாணலாகத் தொங்கவிட்டு, மக்களின் வரிப்பணத்தில் வாங்கியது என்று பக்கத்திலேயே விலையையும் எழுதி வைத்தார்கள். அங்கே மட்டும் 20 லட்சம் பேர் வந்தார்கள். அத்தனை பேரும் சிரிக்கத்தான் வந்தார்கள் என்று நான் நம்பவில்லை. திட்டுவதற்கென்று மாட்டினாலும் ஓவியம் ஓவியம்தானே, எவனோ ஒருவன் சீட்டைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்திருப்பான். பொதுவில் வைப்பதில் இருக்கும் ஒரே நல்ல ஆபத்து அதுதான்.

இப்போதெல்லாம் எங்கே போனாலும் முதலில் பொருளைப் பார்க்கிறேன், அப்புறம்தான் சீட்டு. இதை மற்றவர்களுக்கு உபதேசிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. அந்தச் செருப்புக்குச் சீட்டு எழுதியது நான்தான். கொடுத்தவர் 'பழைய தபால்காரர் செருப்பு' என்று மட்டும்தான் சொன்னார். இருபது வருடம் என்பதை யாரையும் கேட்டு எழுதவில்லை.