பத்து மீட்டர் ஹால் ஒன்று போதும்

மகள் ரைஃபிள் ஷூட்டிங் கற்றுக்கொள்கிறாள் என்று சொன்னால் போதும், உறவில் யாராவது ஒருவர் "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க துப்பாக்கி?" என்று கேட்டுவிடுகிறார். பையனாக இருந்தால் "ரவுடியாக்கப் போறியா?" என்பார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவள் கையில் இருப்பது ஏர் ரைஃபிள். வெடிமருந்து கிடையாது, காற்றழுத்தம்தான். 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு, பெல்லட் என்போம். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் டார்கெட்டின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். போட்டியில் 75 நிமிடத்துக்குள் 60 முறை அதைக் குறிவைக்க வேண்டும். நாடித் துடிப்பே ரைஃபிளை ஆட்டிவிடும். கோபத்தோடு சுட்டால் குண்டு பத்து மதிப்பெண் நடுப்புள்ளியை விட்டு எட்டுக்கோ ஒன்பதுக்கோ விலகிவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளை போனைத் தொடாமல் இவ்வளவு நேரம் நிற்கிறாளே, கட்டிய ஃபீஸ் அதற்கே சரியாகிவிட்டது.

ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் கூடத்தில், இருக்கும் கட்டுப்பாடு வேறு எந்த மைதானத்திலும் நான் பார்க்காதது. குழலின் முனை எப்போதும் டார்கெட் பக்கம்தான். சுடாத நேரத்தில் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பாதுகாப்பு நாடா செருகியிருக்க வேண்டும். சொல்லும்வரை குண்டு போடக்கூடாது. 'ஸ்டாப்' என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் மூன்று பேராக பைக்கில் பறக்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பதறாத ஊர், இதைப் பார்த்துப் பதறுகிறது!

சட்டம் பற்றியும் கேட்கிறார்கள். 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். அதற்கு மேலே .22 ரைஃபிள், 12 போர் ஷாட்கன் என்று வெடிமருந்துத் துப்பாக்கிக்குப் போனால் கட்டாயம் வேண்டும். அந்தக் கெடுபிடி அப்படியே இருக்கட்டும், எனக்கு அதில் குறையில்லை. ஏர் ரைஃபிளை எடுத்துக்கொண்டு தோப்பில் புறா சுடப் போகிறவர்களை நான் விளையாட்டு வீரர் கணக்கில் சேர்ப்பதும் இல்லை.

"பணக்காரர் விளையாட்டு" என்ற குற்றச்சாட்டில்தான் உண்மை இருக்கிறது. ஐந்து ஒலிம்பிக்கில் சுட்ட கர்ணி சிங், பிகானீர் மகாராஜா. 2008இல் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவுக்கு வீட்டிலேயே ரேஞ்ச் இருந்தது. பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில், அதாவது பறக்கும் தட்டுகளைச் சுடும் போட்டியில், சுட்ட பிரித்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை மன்னர் குடும்பத்துப் பிள்ளை. ஆனால் அதே பாரிஸில் 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே ஒரு பள்ளி ஆசிரியரின் மகன், அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர்.

நம் தமிழ்நாட்டுக் கதையைப் பாருங்கள். லண்டன் ஒலிம்பிக்கில் ஏர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் சென்னையில் பிறந்தார், வளர்ந்தது ஹைதராபாத். ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். துப்பாக்கி பிடித்தது குஜராத்தில், ககன் நாரங்கின் அகாடமி வழியாக. இளவேனில் கடலூரிலேயே இருந்திருந்தால் டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் போயிருப்பாரா? எனக்கு நம்பிக்கை இல்லை.

நான் கேட்பது பெரிய விஷயமே இல்லை. கிரிக்கெட் மைதானம் அளவுக்கு இடம் வேண்டாம். மாவட்ட விளையாட்டரங்கத்தில் ஒரு நீளமான ஹால், குண்டைத் தாங்கும் சுவர், நல்ல வெளிச்சம், நாலைந்து பொது ரைஃபிள், தகுதியான கோச். வெளிநாட்டு ரைஃபிள் லட்சங்களில் போகிறது. ஆளுக்கொன்று வாங்கச் சொன்னால் எந்த அரசுப் பள்ளிப் பிள்ளை வரும்? பதக்கக் கனவு இல்லாத என்னைப் போன்ற நடுவயதுக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமை வந்து பொழுதுபோக்காகச் சுட்டுவிட்டுப் போகலாம். இப்போது இருக்கிற கிளப்புகளில் எல்லாமே இப்படி என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு கிளப்பில் விண்ணப்பம் கேட்டபோது "யார் அனுப்பினாங்க?" என்பதுதான் முதல் கேள்வியாக வந்தது.

அப்புறம், பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்கள் முதல் மாதமே ரைஃபிள் வாங்கிவிடாதீர்கள். கிளப் ரைஃபிளிலேயே சில மாதம் ஓட்டுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் தொட விடாதீர்கள், பெல்லட் முழுக்க ஈயம்.