டேபிள் காசு

(கோவையில் ஒரு மெஸ்ஸின் மாடியில் இருக்கும் பூல் பார்லர்; மேசை மேல் பந்துகளைக் கோலால் அடித்துக் குழியில் போடும் ஆட்டம். இரவு 9 மணி. கல்லூரிப் பையன் ஒருவன் கதிரேசனைத் தோற்கடித்துவிட்டு, பரோட்டா சாப்பிடக் கீழே போயிருக்கிறான். டேபிள்களையும் கணக்கையும் பார்த்துக்கொள்ளும் மார்க்கர் முத்து பந்துகளை முக்கோணச் சட்டத்துக்குள் அடுக்குகிறார்.)

கதிரேசன்: முத்தண்ணா, இந்த டேபிள் சாய்ந்திருக்கிறது.

முத்து: அந்தத் தம்பி ஆடும்போது நேராகத்தானே இருந்தது, சார்?

கதிரேசன்: அவனுக்குப் பத்தொன்பது வயது. அந்த வயதில் எல்லாமே நேராகத்தான் தெரியும். சரி, டேபிளை விடுங்கள். துணியைப் பாருங்கள். மழை ஈரம் ஏறிப்போய்ப் பந்து நகரவே மாட்டேன் என்கிறது.

முத்து: ஈரத்தில் பந்து மெதுவாகத்தான் ஓடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பந்து நல்ல வேகமாகத்தான் போனது. வேறு பக்கம் போனது, அவ்வளவுதான்.

கதிரேசன்: அது கண்ணாடிக் கோளாறு. போன மாதம் புரொகிரசிவ் கண்ணாடி மாற்றினேன். 9,500 ரூபாய். நிமிர்ந்து நின்றால் பளிச்சென்று தெரிகிறது. குனிந்து முகவாயை க்யூ கோல் மேல் வைத்தால் பார்வை விளிம்பைத் தாண்டி வெளியே போய்விடுகிறது. எட்டாம் நம்பர் பந்து இரண்டாகத் தெரிந்தது.

முத்து: நீங்கள் எதை அடித்தீர்கள்?

கதிரேசன்: நடுவில் அடித்தேன்.

முத்து: பூல் மாதிரியே ஆடும் ஸ்னூக்கரில் டென்னிஸ் டெய்லர் என்று ஒருவர். தலைகீழாக மாட்டியது போலப் பெரிய கண்ணாடி. குனிந்தாலும் விளிம்பு மறைக்காது. 1985 உலகப் போட்டி இறுதி ஆட்டத்தில் கடைசிக் கறுப்புப் பந்தைப் போட்டு ஸ்டீவ் டேவிஸையே தோற்கடித்தார்.

கதிரேசன்: அதை மாட்டிக்கொண்டு நான் வீட்டுக்குப் போனால் என் சம்சாரம் கதவைத் திறப்பாளா?

முத்து: க்யூவைக் கொடுங்கள். நுனியில் இருக்கும் இந்த டிப்பை எப்போது மாற்றினீர்கள்?

கதிரேசன்: என் மகள் ஐந்தாம் வகுப்பு படித்தபோது.

முத்து: பாப்பா இப்போது?

கதிரேசன்: மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

முத்து: தோல் சார் இது! இறுகிக் கல்லாகிப் பளபளவென்று இருக்கிறது. வழுக்காமலிருக்கத் தேய்க்கும் சாக் ஒட்டவே ஒட்டாது. வெள்ளைப் பந்தில் பட்டதும் வழுக்காமல் என்ன செய்யும்?

கதிரேசன் (முகம் மலர்ந்து): அப்படியென்றால் தப்பு என் மேல் இல்லை!

முத்து: டிப் பாதி. மீதி வயிறு. டேபிள் விளிம்புக்கு முதலில் அதுதான் போய்ச் சேர்கிறது, பின்னாலேதான் கை வருகிறது. முதுகு வலிக்குப் பயந்து, அடித்து முடிப்பதற்குள் நிமிர்ந்துவிடுகிறீர்கள். தலை எழுந்தால் தோள் எழும். தோள் எழுந்தால் க்யூ கோணும்.

கதிரேசன்: ஸ்னூக்கர் சாம்பியன் ஸ்டீபன் ஹென்ட்ரிக்கு வயிறா இருந்தது? 1999-இல் ஏழாவது உலகப் பட்டம் வாங்கும்போது அவருக்கு முப்பது வயது. அப்புறம் ஒன்றுகூட இல்லை. அடிக்கும் நேரத்தில் கை தயங்குகிறது, க்யூ முழுதாக முன்னே போகமாட்டேன் என்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். யிப்ஸ் என்று பெயர். எனக்கும் அதுதான்.

முத்து: அவர் 2012 உலகப் போட்டியில் ஒரே மூச்சில் முழு 147 புள்ளி எடுத்துக் காட்டிவிட்டு, அதே போட்டியோடு ஓய்வை அறிவித்தார் சார். நீங்கள் இன்றைக்கு எத்தனை பந்து போட்டீர்கள்?

கதிரேசன்: இரண்டு.

முத்து: அதில் ஒன்று, குழியில் விழவே கூடாத வெள்ளை.

கதிரேசன்: வயதானால் யாருக்கும் இப்படித்தான், அண்ணா.

முத்து: ரோனி ஓ'சல்லிவன் 2022-இல் ஏழாவது பட்டம் வாங்கும்போது 46 வயது.

கதிரேசன்: அவருக்கு அதுதான் தொழில். கேஸ் புக் பண்ணுவது, கரண்ட் பில் கட்டுவது, மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, இதெல்லாம் அவரா செய்கிறார்? முன்பெல்லாம் நான் தினமும் நாலு மணி நேரம் இங்கேயே கிடந்தேன். இப்போது வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும், அதுவும் பொய் சொல்லிவிட்டு. ஆனால் ரத்தத்தில் ஆட்டம் இருக்கிறது. ஸ்னூக்கருக்கு விதி எழுதி மாட்டியதே 1880-களில், இதோ நம் ஊட்டி கிளப்பில்.

முத்து: உங்கள் விதியையும் அன்றைக்கே எழுதியிருப்பார்கள்.

கதிரேசன்: சிரிக்காதீர்கள். 1998-இல் இந்த டேபிளில் என்னை ஜெயிக்க ஆள் இருந்ததா?

(முத்து மேசை இழுப்பறையைத் திறந்து, அட்டை கிழிந்த நோட்டு ஒன்றை எடுக்கிறார்.)

முத்து: தோற்றவர்தான் டேபிள் காசு தர வேண்டும், அன்றைக்கும் இன்றைக்கும். 1998, ஜூன். "கதிரேசன் பாக்கி." அடுத்த வரி, "கதிரேசன் பாக்கி." மூன்றாவது வரியில் பெயர் இல்லை, மேற்படி என்று போட்டிருக்கிறேன். அப்புறம் பக்கம் முழுக்க மேற்படிதான்.

கதிரேசன் (நெடுநேரம் நோட்டைப் பார்த்துவிட்டு): இத்தனை வருடமாக இதை ஏன் வைத்திருக்கிறீர்கள்?

முத்து: பாக்கி இன்னும் வரவில்லையே, சார்.

(படியில் காலடிச் சத்தம். பையன் கையைத் துடைத்துக்கொண்டே வருகிறான்.)

கதிரேசன்: வா தம்பி, இன்னொரு கேம். ஆனால் நான் அந்தப் பக்கமிருந்து ஆடுகிறேன். இந்தப் பக்கம் 1998-லேயே சாய்ந்திருந்திருக்கிறது.

(முத்து புது நோட்டைத் திறந்து, ஆட்டம் தொடங்கும் முன்பே மேற்படி என்று எழுதிக்கொள்கிறார்.)